இரண்டு ரேமும் வசந்தாமணியின் பத்து மாதமும்

திருப்பூர் கிணத்து வீதியில், சென்னியப்பனின் எம்பிராய்டரி ஷெட்டுக்குள் நேரம் இரட்டிப்பாக ஓடத் தொடங்கிய அன்று, எல்லோருடைய கோபமும் முதலில் டீக்காரர் மேல்தான் திரும்பியது. காலை பதினொரு மணிக்குக் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிற காஜா பாய் அன்றும் பதினொரு மணிக்குத்தான் வந்தார். ஆனால் அதற்குள் உள்ளே இருந்த இருபத்திரண்டு பேரும் பசித்து, தூக்குப்போசியைத் திறந்து, மதியச் சோற்றைத் தின்று, கையையும் கழுவிவிட்டிருந்தார்கள்.

"ஏனுங் பாய், சோறு தின்ன பொறகா டீ கொண்டாருவீங்க?" என்று சண்டைக்குப் போனாள் அங்காத்தாள். துணியில் பிசிறு வெட்டுகிறவள், கத்தரியை ஆட்டி ஆட்டித்தான் பேசுவாள். பாய் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார், பதினொன்று. அங்காத்தாள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள், ஒன்றரை. இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நாளையிலிருந்து ஒம்பதே முக்காலுக்கே வந்தர்றன்" என்று சொல்லி, இருபத்திரண்டு டம்ளரில் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நேரம் இரட்டித்த விஷயம் அந்த வீதியில் இப்படித்தான், டீ நேரத்தை மாற்றிக்கொண்டதோடு, பெரிய பேச்சில்லாமல் முடிந்துபோனது.

காரணம் தமயந்திக்கு மட்டும் தெரியும். ஷெட்டின் மூலையில் பலகைத் தடுப்புக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வரைந்த பூவையும் பறவையையும் தையல் தையலாகப் பிரித்து மெஷின்களுக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்புகிற வேலை அவளுடையது, பஞ்சிங் என்பார்கள். அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும், வெளிநாட்டுக் குழந்தைகளின் சட்டையில் தைக்க வேண்டிய ஒரு மயில் வந்தது. பத்தொன்பது நிறம் கொண்ட அந்த மயிலைத் திறந்தாலே பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. சென்னியப்பன் கோயமுத்தூர் போய்ப் புதிதாக இரண்டு ரேம் மெமரிப் பட்டை வாங்கி வந்து, பழைய இரண்டோடு சேர்த்து மாட்டச் சொன்னார். மாட்டினாள். "ஸ்பீடைத் தூக்கி வெய்யி அம்மிணி" என்றார்.

"புதுசுல எழுதியிருக்கற ஸ்பீடே போதுமுங்கண்ணா. அதுக்கு மேல போனா தாங்காதுங்க. பழசும் புதுசும் வேற கலந்து கெடக்குது."

"எழுதியிருக்கறது எல்லாம் பயந்தவனுக்கு எழுதறது. மெஷினு ஓட ஓடத்தான் பழகும்."

தமயந்தி கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்து, கறுப்புத் திரையில் வருகிற செட்டப் பக்கத்துக்குப் போய், ரேமின் வேகத்தை எழுதியிருந்ததற்கு மேலே ஏற்றி, நிச்சயம்தானா என்று அது கேட்டதற்கு ஆமாம் என்று அமுக்கினாள். அமுக்கியது அவளுடைய விரல்தான். பிற்பாடு எத்தனையோ முறை அந்த விரலை அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

காலை எட்டரைக்கு உள்ளே போனவர்கள் இரவு எட்டரைக்கு வெளியே வந்தார்கள். வீதிக்குப் பன்னிரண்டு மணி நேரம், அவர்களுக்கு இருபத்து நான்கு. ஆளுக்கு இரண்டு தூக்குப்போசி கொண்டுபோனார்கள். மெஷினுக்கு அடியில் துணிக் கட்டைத் தலைக்கு வைத்து முறை போட்டுத் தூங்கினார்கள். நகம் சீக்கிரம் வளர்ந்தது, செருப்பு சீக்கிரம் தேய்ந்தது. முடிவெட்டுகிற கடைக்காரர் ஷெட்டு ஆண்களுக்கென்று தனிக் கிழமை ஒதுக்கினார், மெஸ்காரம்மா நான்கு வேளை உலை வைத்தாள், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிற சுகாதார நர்ஸ் வயதை எழுதுமுன் "ஷெட்டு வயசுங்களா, வெளி வயசுங்களா?" என்று கேட்டு இரண்டு கட்டத்தில் எழுதிக்கொண்டாள். பெண் கேட்டு வந்தவர்கள் ஜாதகத்தோடு ஷெட்டில் எத்தனை மாசம் என்பதையும் கேட்டுப் போனார்கள். பதினேழு வருஷமாக அங்கே மெஷின் ஓட்டுகிற நாச்சிமுத்துவுக்குச் சித்திரையிலேயே மீசை வெளுத்துவிட்டது. நாலு மாதத்தில் ஆறு மாதம் வாழ்ந்தால் மீசை வெளுக்குமா என்று யாராவது கேட்கலாம். நின்ற காலில் வாழ்ந்தால் வெளுக்கும்.

சென்னியப்பனின் அறை ஷெட்டுக்கு வெளியே, வாசலுக்கு எதிர்ப்பக்கம், கண்ணாடி போட்டு இருந்தது. அங்கே நேரம் ஊரோடு ஒத்து ஓடியது. அவர் ஒரு நாளைக்கு ஒரு முறை சவரம் செய்துகொண்டார். ஷெட்டுக்குள் மட்டும் காலே வைப்பதில்லை. எது வேண்டுமானாலும் வாசற்படியில் நின்று கேட்பார். மற்ற முதலாளிகளிடம், "ஒரு நாளுல ரண்டு நாள் சரக்கு எடுக்கறேன் பாத்துக்குங்க" என்று தொடையில் தட்டிச் சொன்னது வீதி முழுக்கத் தெரியும்.

பத்தாம் நாள் கம்ப்யூட்டர் ஹேங் ஆனது. அதோடு ஷெட்டும் ஹேங் ஆனது.

நான்கு மணி டீக்கு வந்த காஜா பாய் பார்த்தபோது மெஷின் ஊசிகள் துணிக்குள் பாதி இறங்கி நின்றன. நாச்சிமுத்து தும்ம வாயைத் திறந்தபடி நின்றார். அங்காத்தாளின் கையிலிருந்து நழுவிய கத்தரி தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. தமயந்தி மவுஸில் கை வைத்தபடி மயிலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்ற பிறகு உள்ளே வந்ததால் பாயை அது பிடிக்கவில்லை; அவர் டீயை ஊற்றி வைத்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஆறுவதைப் பார்த்து மனசு கேட்காமல் போய் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி கோயமுத்தூர்க் கடைக்குப் போன் போட்டார். ரீசெட் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். "நீங்களே போய் அமுத்துங்க பாய், எனக்குப் பிரஷர் இருக்குது" என்றார் முதலாளி. பாய் போய் அமுக்கினார். நாச்சிமுத்து தும்மினார். கத்தரி விழுந்தது. "ஏனுங் பாய், டீ ஆறிப்போயிருக்குது?" என்று அங்காத்தாள் சண்டைக்குப் போனாள்.

அப்புறம் வாரத்துக்கு மூன்று முறை நின்றது. நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது; பசியும் இல்லை, வலியும் இல்லை; கண் சிமிட்டி முடிப்பதற்குள் வெளிச்சம் மாறியிருக்கும், அவ்வளவுதான். அதற்கும் வீதி பழகியது. ஒரு சனிக்கிழமை மாலை நின்றபோது முதலாளி பழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போகும்போதே, "நான் சொல்லாம ஒருத்தரும் அந்தப் பட்டனை அமுத்தக்கூடாது, டிசைன் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர்களெல்லாம் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கொண்டுவந்த சோற்றைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை காலை முதலாளி திரும்பி வந்து சொன்ன பிறகுதான் பட்டனை அமுக்கினார்கள். தமயந்தியின் மகள் இலக்கியாவுக்கு ஒன்பது வயது. திங்கட்கிழமை வீட்டுப்பாடத்தில் ஏன் கையெழுத்து இல்லை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, "எங்கம்மா ஹேங் ஆயிட்டாங்க மிஸ்" என்றாளாம். மிஸ்ஸும் சரி உட்கார் என்றாளாம்.

அதைக் கேட்டதும்தான் தமயந்திக்கு முதன்முதலில் உறைத்தது. தன் குழந்தை தன்னை வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள், தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதற்கு ஒரு வார்த்தையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், அந்த வார்த்தை போதும் என்று உலகம் உட்காரச் சொல்கிறது. இதில் நின்ற ஒன்றரை நாளை முதலாளி வேலை நேரமில்லை என்றார். "நின்னுட்டு இருந்ததுக்கு வருகை போட முடியுங்களா?" அப்படியானால் ஓடின நேரத்துக்கு இரண்டு வருகை போடுங்கள் என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினார். "ஒரு நாளுன்னா ஒரு நாளு. ஒரு தேதிதான கிழிச்சிருக்குது?" ஓடும்போது வெளி நேரம், நிற்கும்போது உள் நேரம், எந்தப் பக்கம் போனாலும் அவர் பக்கம்தான் வந்து சேர்ந்தது.

தமயந்தி கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்தாள். உள்ளே நூல் பிசிறு பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது, ஊதித் துடைத்தாள். விசிறி சுற்றுகிறதா பார்த்தாள். நான்கு ரேமையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் முழு மெமரி டெஸ்ட் ஓட்டினாள். பழையவை இரண்டும் தேறின. புதியதில் ஒன்று தேறியது. இன்னொன்றில், ஏற்றி வைத்த வேகத்தில், திரை முழுக்கச் சிவப்பு வரிகள் வந்தன. இடம் மாற்றி மாட்டினாலும் வந்தன. எழுதியிருந்த வேகத்துக்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். ஒரு வரிகூட வரவில்லை. டெஸ்ட் ஓடிய அந்த நேரம் மட்டும் ஷெட்டுக்குள் கடிகாரம் ஊர்க் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடியதை நாச்சிமுத்து கவனித்தார். மேற்கூரை ஓட்டை வழியாக விழும் வெயில் தரையில் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதே தனக்கு மறந்துவிட்டது என்றார்.

"கண்டுபுடிச்சுட்டனுங்கண்ணா," என்று தமயந்தி வாசற்படியில் நின்றவரிடம் சொன்னாள். "எழுதியிருக்கற ஸ்பீடுல வெச்சா நிக்கவே நிக்காதுங்க."

"ஸ்பீடும் கொறையக்கூடாது, நிக்கவும் கூடாது. அதுக்குத்தான உன்னைய வெச்சிருக்கறன்?"

கடைக்காரன் சொன்னான் என்று ரேமுக்குப் போகிற வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். கூட்டினாள். ரேமைத் தொட்டால் விரல் சுட்டது. மறுநாள் ஷெட்டில் பதினாறு பேருக்குக் காய்ச்சல். நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டு, "வோல்டேஜுங்களா?" என்று மட்டும் கேட்டாள். வோல்டேஜை இறக்கிவிட்டு, தமயந்தி வேறு வழி பார்த்தாள். ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்து, வேகத்தை ஒரு படி மட்டும் குறைத்து, ரேம் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் இடைவெளியைச் சற்றுத் தளர்த்தி வைத்தாள். நிற்பது மாதத்துக்கு ஒரு முறையாகக் குறைந்தது. உள்ளே நேரம் ஏறக்குறைய முன்போலவே ஓடியது. சென்னியப்பன் எல்லோர் முன்னாலும், "கெட்டிக்காரி" என்றார். அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்காகப் பிற்பாடு அவள் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல.

ஏனென்றால் வசந்தாமணி தை மாதக் கடைசியில் கல்யாணமானவள். தைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பழுது பார்க்கிற வேலை. இருபத்து மூன்று வயது. சிரிக்கும்போது துணியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். கணவன் சம்பத்துக்குச் சாயப் பட்டறையில் வேலை. கல்யாணமாகி ஒரு வாரத்தில் மறுபடி ஷெட்டுக்கு வந்தாள், வந்தவள் ஒரு நாளைக்கு ஒன்றரை நாளாக வாழ்ந்தாள், அவளோடு சேர்ந்து அவள் வயிற்றில் இருந்ததும் ஒரு நாளைக்கு ஒன்றரை நாளாக வளர்ந்தது. ஆவணி இரண்டாம் வாரம் பெண் குழந்தை பிறந்தது. மூன்றே கால் கிலோ. நகமெல்லாம் விரலைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் நிறைமாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் மாமியார் மாராத்தாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து விரல் மடக்கினாள். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. ஆறு விரல். மறுபடி மடக்கினாள். அப்புறம் குழந்தையைப் பார்க்காமலே எழுந்து வீட்டுக்குப் போய், மருமகளின் துணிமணியை ஒரு பையில் போட்டு அவள் அம்மா வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தாள். சம்பத் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஷெட்டுல நேரம் ரண்டா ஓடுதுன்னு வீதிக்கே தெரியுமே அத்தைன்னு சொன்னனுங்க்கா," என்று வசந்தாமணி தமயந்தியிடம் சொன்னாள். "அவிய மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கறவங்க. ஊருல எவளும் சொல்லாத பொய்யின்னாங்க. ஓனர் வந்து தன் வாயில சொன்னா நம்பறேன்னாங்க."

தமயந்தியும் நாச்சிமுத்துவும் கண்ணாடி அறைக்குப் போனார்கள். சென்னியப்பன் கேட்டு முடித்துவிட்டு, "நேரமாவது, ரண்டா ஓடறதாவது? நான் எதுக்குப் பொய்ச் சாட்சி சொல்லோணும்?" என்றார்.

தமயந்தி விடவில்லை. "அண்ணா, நீங்கதான எல்லார்த்துகிட்டயும்..."

"வேடிக்கைக்குச் சொல்றது ஆயிரம் இருக்கும். நான் இதைய ஒத்துக்கிட்டா நாளைக்கு லேபர் ஆபீஸ்காரன் வந்து நிப்பான். ஒரு புள்ளை தப்புப் பண்ணுனா அதுக்கு என்ற ஷெட்டைக் கோர்க்காதீங்க."

நாச்சிமுத்து கையை ஓங்கிவிட்டார். தமயந்திதான் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சரி, வீதி சொல்லட்டும் என்று வீதியில் இறங்கினாள். நான்கு வேளை உலை வைத்த மெஸ்காரம்மா, "எனக்கென்ன தெரியும், அவிய பசிச்சுதுன்னாங்க, நான் ஆக்கிப் போட்டேன்" என்றாள். முடிவெட்டுகிறவர், சிலருக்கு முடி சீக்கிரம் வளரும் என்றார். இரண்டு கட்டத்தில் வயது எழுதிய நர்ஸ், அது தன் சொந்த வசதிக்கு எழுதியது, அரசாங்கக் காகிதத்தில் ஒரே கட்டம்தான் இருக்கிறது என்றாள். ஏழு மாதமாக அதோடு பிழைத்தவர்கள், அதற்கு வார்த்தையும் வழக்கமும் உண்டாக்கி வைத்தவர்கள், ஒரு பெண்ணுக்காக வாய்விட்டுச் சொல்லும்போது மட்டும் கேள்விப்பட்டதோடு சரி என்றார்கள். காஜா பாய் ஒருவர்தான், "நான் எங்க வேணாலும் வந்து சொல்றன்" என்றார். டீக்காரன் பேச்சு எடுபடுமா என்றாள் மாராத்தாள்.

தமயந்தி ஒரு யோசனை சொன்னாள். குழந்தையை ஒரு வாரம் ஷெட்டில் தொட்டில் கட்டிப் போடலாம், மாராத்தாள் கண்முன்னாலேயே ஒரு வாரத்தில் பத்து நாள் வளரட்டும், அப்போது நம்புவாள்.

வசந்தாமணி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அதுவரை தமயந்தியை அக்கா என்று தவிர வேறு விதமாக அழைத்திராதவள், "உங்குளுக்குப் பைத்தியமா?" என்று கத்தினாள். "வவுத்துல இருந்ததையே பறிச்சுக்கிட்டீங்க. நான் அதைய ஒரு நாளு நெதானமாச் சுமக்கல. ஆளாளுக்கு நம்பறதுக்காக இவ மூணு நாளை நான் அங்க கொட்டோணுமா? ஒரு நிமிசம் தரமாட்டேன்."

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். வழியெல்லாம் தன் விரலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாராத்தாளை ஷெட்டுக்கு வரவைத்தார்கள். நேரிலேயே வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று அவள் மகனையும் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வசந்தாமணியும் குழந்தையோடு வந்து வாசலுக்கு வெகு தள்ளி, மதிலோரமாக நின்றாள். வீதிக்காரர்கள் கூடினார்கள். சென்னியப்பன் அறையிலிருந்து வெளியே வந்து, காலண்டர் கதையை மறுபடி சொன்னார்.

"ஸ்பீடைக் கூட்டுனது நான்," என்றாள் தமயந்தி. அத்தனை பேர் முன்னால் அவள் அதுவரை பேசியதில்லை. "இவர் சொன்னாரு, நான் அமுத்துனேன். அன்னிக்கிருந்து இந்தச் செவுத்துக்குள்ள ஒரு மணி நேரம் ரண்டு மணி நேரம். இந்தப் புள்ளை பத்து மாசம் சொமந்துதான் பெத்திருக்கறா. தப்பு அவளோடது இல்ல, என்னோடதும் இவரோடதும்."

"டிசைன் போடறவ பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு..." என்று முதலாளி மாராத்தாளைப் பார்த்துச் சிரித்தார்.

தமயந்தி உள்ளே போனாள். தான் ஒரு வாரம் பாடுபட்டுத் தளர்த்தி வைத்ததையெல்லாம் பழையபடி இறுக்கி, வேகத்தை முதலாளி முதலில் கேட்ட இடத்துக்கே ஏற்றி வைத்து, மெஷின்களை ஓட விட்டாள். "எல்லாரும் வெளிய வாங்க," என்றாள். மற்ற இருபது பேரும் கையிலிருந்ததைக் கையிலிருந்தபடி வைத்துவிட்டு அவள் பின்னால் வெளியே வந்தார்கள். ஆளில்லாத ஷெட்டில் மெஷின்கள் ஓடின. ஒரு நூல் அறுந்தது, இன்னொரு நூல் அறுந்தது, பத்து மெஷினும் பீப் பீப் என்று அலறத் தொடங்கின. பத்தொன்பது நிற மயில்கள் கழுத்தில்லாமல் வந்துகொண்டிருந்தன.

"சரக்கு போச்சு! உள்ள போங்க!" என்று சென்னியப்பன் கத்தினார். ஒருவரும் நகரவில்லை. கடைசியில் அவரே ஓடினார், ஏழு மாதத்தில் முதல் முறையாக வாசற்படி தாண்டி. தமயந்தி அவரைப் போகச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. பின்னால் யார் கேட்டபோதும் அவள் இரண்டையும் சேர்த்தேதான் சொன்னாள். அவர் முதல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பி, விரலை நீட்டி, "எல்லாரும் கேட்டுக்குங்க, இந்த ஷெட்டுக்குள்ள நேரம்..." என்றார்.

அதோடு நின்றார். மெஷினும் நின்றது, பீப்பும் நின்றது.

மாராத்தாள் மெல்ல உள்ளே போய் அவர் கண்முன்னால் கையை ஆட்டினாள், மூக்கடியில் விரல் வைத்தாள், வெளியே வந்தாள். அவள் தம்பி மட்டும், "இது வலிப்புங்க, எங்க சித்தப்பாவுக்கு வரும்" என்றான். பேசாமல் இவர் கட்டைவிரலை மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்துக்கொள்ளலாமே என்றாள் அங்காத்தாள். "வேண்டாங்க்கா," என்றாள் தமயந்தி. "முழிச்சுட்டே போடட்டும்."

மதியம் சென்னியப்பனின் மனைவி சௌந்தரம் வந்தாள். அன்று மாலை அவர்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இவரைக் காணோமே என்று தேடி வந்தவளிடம் காஜா பாய்தான், "ஹேங் ஆயிட்டாருங்கம்மா" என்றார்.

"பட்டனை அமுத்துங்க," என்றாள் சௌந்தரம்.

"அண்ணன் சொல்லாம ஒருத்தரும் அமுத்தக்கூடாதுன்னு அண்ணன்தானுங்க சொன்னாரு," என்றாள் தமயந்தி.

சௌந்தரம் சண்டை போடுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மதிலோரம் நின்ற வசந்தாமணியைப் பார்த்தாள். வெளுத்த மீசையோடு நின்ற நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் அவள் கல்யாணத்தன்று கார் ஓட்டி வந்தவர். உள்ளே விரலை நீட்டி நின்ற தன் கணவரைப் பார்த்தாள். கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று ஒருவரும் வேலை செய்யவில்லை. ஷெட்டுக்கு வெளியே தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார்கள். ஒரு மணிக்கு ஒரே ஒரு முறை சாப்பிட்டார்கள். பதினொரு மணி டீயைப் பதினொரு மணிக்கும் நான்கு மணி டீயை நான்கு மணிக்கும் குடித்தார்கள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தமயந்தி வீட்டுக்குப் போனாள். அம்மாவை வெயிலில் பார்த்து ரொம்ப நாளானதால் இலக்கியாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள், சௌந்தரமும் வந்தாள். தமயந்தி ஷெட்டுக்குள் நடந்து, நீட்டிய விரலுக்கு அடியில் குனிந்து போய், ரீசெட்டை அமுக்காமல் மெயினையே அணைத்தாள். கேபினட்டைத் திறந்து புதிய ரேம் இரண்டையும் பிடுங்கினாள். பழைய இரண்டை மட்டும் வைத்து, வேகத்தை அவற்றில் எழுதியிருந்த எண்ணுக்கே இறக்கிவிட்டுப் போட்டாள்.

"...வெளிய ஓடற மாதிரிதான் ஓடுது!" என்று முடித்தார் சென்னியப்பன்.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். சென்னியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் நின்றவர்களின் சேலையும் சட்டையும் மாறியிருந்தன. வெயில் வேறு கோணத்தில் இல்லை, ஆனால் சுவரில் தேதி மாறியிருந்தது. காஜா பாய் காலையில் கிழித்திருந்தார்.

"இன்னிக்குச் சனிக்கிழமைங்க," என்றாள் சௌந்தரம். "நேத்து அவிய வந்தாங்க. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. பொண்ணோட அப்பா இல்லாம என்ன பேசறதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. புள்ளை ராத்திரியெல்லாம் அழுதா."

சென்னியப்பனுக்கு முகம் இருண்டது. "என்ற நாளு!" என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "என்ற ஒரு முழு நாளு! என்ற மக நாளு! யாரைக் கேட்டு எடுத்தீங்க? நான் உள்ள நின்னுட்டிருக்க வெளிய ஒரு நாளு போயிருக்குதே, அதைய இனி யாரு எனக்குத் திருப்பித் தருவா?"

கத்தி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. வாயை மூடிக்கொண்டார். ஆனால் கூட்டத்தில் அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். மெஸ்காரம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

நாச்சிமுத்து முன்னால் வந்தார். அன்று கண்ணாடி அறையில் ஓங்கிய கை தொங்கியபடியே இருந்தது. "ஒரு நாளுக்கே இப்புடிக் கத்தறீங்களே மொதலாளி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். தன் மீசையை மட்டும் ஒருதரம் தடவிவிட்டுக்கொண்டார்.

சௌந்தரம் கண்ணாடி அறைக்குள் போய்க் கம்பெனிப் பேர் அச்சடித்த ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்து, கணவர் முன்னால் நீட்டினாள். வசந்தாமணி இந்த ஷெட்டில் எத்தனை மாதம் இருந்தாள், உள்ளே அது எத்தனை மாதம், எழுதுங்கள் என்றாள். அவர் மனைவியைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார், எழுதினார். அதன் கீழே எழுத இன்னும் இருபத்தொரு பேர் இருக்கிறார்கள் என்று தமயந்தி சொன்னாள். அதையும் எழுதினார். எழுதியதால் யாருக்கும் ஒரு மணி நேரம்கூடத் திரும்பி வந்துவிடவில்லை என்பது எழுதியவருக்கும் எழுத வைத்தவர்களுக்கும் தெரியும்.

மாராத்தாள் அந்தத் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. நேராக மதிலோரம் போய், குழந்தைக்காக இரண்டு கையையும் நீட்டினாள். "எத்தனை மாசம் சொமந்தே கண்ணு?" என்றாள்.

வசந்தாமணி குழந்தையைக் கொடுக்கவில்லை. "நீங்களே எண்ணுங்க அத்தை," என்றாள். "உங்குளுக்குத்தான் நல்லா எண்ணத் தெரியுமே."

மாராத்தாளின் கை நீட்டியபடியே நின்றது. அப்புறம் அவள் கையை இழுத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும், ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். ஆறைத் தாண்டியும் நிறுத்தாமல் எண்ணினாள். பத்தாவது விரலை மடக்கிவிட்டு அந்த இரண்டு முட்டியாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சம்பத் அப்போதுதான் வாயைத் திறந்து, "வீட்டுக்குப் போலாமா வசந்தா?" என்று கேட்டான்.

"நீங்க மொதல்ல எங்கம்மா வீட்டுக்கு வந்து கூப்புடுங்க," என்றாள் வசந்தாமணி. "அன்னிக்குப் பையை வெச்சுட்டுப் போன இடத்துலயே நின்னு கூப்புடுங்க. அப்புறம் நான் ரோசன பண்ணிச் சொல்றன். எனக்கு அவசரமில்ல."

குழந்தையின் தலைக்கு வெயில் படாமல் துணியை இழுத்து மூடிக்கொண்டு, கூட்டம் விலகிய வழியில், அவள் மெதுவாகவே நடந்து போனாள்.